வலப்பக்கம் வைத்த டப்பா

என் எழுதுமேசையின் வலது ஓரத்தில் ஓர் அலுமினிய டிபன் டப்பா இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. குவிந்த மூடி, ஒரு பக்கம் நசுங்கியது. தூசி தட்டும் மருமகள் அதை அவ்வப்போது இடது பக்கம் வைத்துவிடுவாள். நான் மறுபடி வலது பக்கம் வைப்பேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் 1962இலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அந்த ஆண்டு நான் திருவண்ணாமலையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். டப்பாவுக்குச் சொந்தக்காரர் எதிர் மேசையில் தபால் அனுப்பும் குமாஸ்தா; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தலைமைக் குமாஸ்தா இடம் காலியாயிற்று. வேலூர் போய் ஆங்கிலப் பரீட்சை எழுதித் தேறுபவர்களில் மூத்தவருக்கு அந்த நாற்காலி. அவர் ஏற்கெனவே இருமுறை தவறியவர், மூன்றாவதுதான் கடைசி. இம்முறையும் தவறினால் நாற்காலி எனக்கு, அவர் எனக்குக் கீழே.

இருமுறையும் அவரைக் கவிழ்த்தவை ஏ எழுத்தில் தொடங்கும் பிரிபொசிஷன்கள். மற்ற எழுத்துகளெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அபவுட், அபவ், அக்ராஸ், அலாங் என்று வந்தால் மட்டும் திணறுவார். "எல்லாம் ஒரே ஜாடையா இருக்குது தம்பி, எது அண்ணன் எது தம்பின்னு தெரியல" என்பார். உட்கார்ந்து படித்து ஏறாததை நடந்து ஏற்றுவது என்று முடிவுசெய்தார். மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றும் கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள். புத்தகத்தில் ஏ சொற்கள் ஒன்பது. லிங்கத்துக்கு ஒன்றாக எட்டைப் பங்கிட்டு, மிஞ்சிய ‘அட்'டைக் கிழக்குக் கோபுர வாசலில் செருப்பு விடும் இடத்தில் வைத்தார்.

ஞாயிறு விடியலில் கிளம்புவோம். புத்தகத்தோடு கேள்வி கேட்பது என் வேலை. செங்கம் சாலையில் மாட்டுவண்டிகள் வரிசையாகப் போகும், அங்கே அலாங். வாயு லிங்கத்தருகே எதிர்க்காற்று வேட்டியைத் தூக்கும், அகெய்ன்ஸ்ட். ஈசானிய லிங்கத்துக்குப் பக்கத்தில் சுடுகாடு. "இங்கதான் ஆஃப்டர். இதுக்கப்புறம் இன்னா இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். ஒரே இடைஞ்சல், ஒரு லிங்கத்தைத் தாண்டியபின் அதன் சொல் மறந்துபோனால் திரும்பி நடக்கமாட்டார். "மலைய இடப்பக்கம் வெச்சிக்கினு நடக்கறதா? புத்தி இருக்கா உனக்கு?" என்று மிச்ச மலையையும் சுற்றித்தான் அங்கே மறுபடி வந்து சேர்வார். அலாங்குக்காக ஒரு ஞாயிறு இரண்டு சுற்று நடந்தோம். என் நாட்குறிப்பில் அன்றைக்கு ‘கால்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

பரீட்சை நெருங்கியபோதுதான் தெரிந்தது, உட்கார்ந்தால் அவருக்கு ஒன்றும் வரவில்லை என்று. அவர் மனைவிதான் வழி சொன்னார். சோற்று டப்பாவைக் கணவரின் வலப்பக்கம் நங்கென்று வைத்தார். "இதான் மலைன்னு நெனச்சிக்குங்க. ஞாயித்துக்கிழமையாவது வூட்டுல இருப்பீங்க." ஒன்பதும் வரிசையாக வந்துவிட்டன.

வேலூரில் என் இருக்கை அவருக்குப் பக்கத்தில். டப்பா வலப்பக்கம், பேனா ஓடியது. அப்போது மேற்பார்வை அதிகாரி வந்தார். கை பட்டுக் கீழே விழுந்துவிடும் என்று டப்பாவை எடுத்து மேசையின் இடது பக்கம் வைத்துவிட்டு நகர்ந்தார். பேனா நின்றது. அதிகாரி வைத்ததை எடுத்து மாற்ற அவருக்குத் துணிவில்லை. மலையை இடப்பக்கம் வைத்து மனத்தால்கூட ஓரடி நடக்க முடியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. "சார், அந்த டப்பா" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலைமைக் குமாஸ்தா நாற்காலிக்குத் திண்டு வாங்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குமாஸ்தா சட்டென்று எழுந்தார். டப்பாவைத் தொடவில்லை. நாற்காலியைத் தூக்கி மேசைக்கு எதிர்ப்பக்கம் போட்டு, அதிகாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

"யோவ், இன்னாய்யா பண்றே?" என்று அதிகாரி ஓடிவந்தார்.

"மலை வலப்பக்கம் வந்துடுச்சுங்க."

"எந்த மலை?"

"டப்பாங்க."

அதிகாரி மூடியைத் திறந்து பார்த்தார். தயிர்சாதம், ஊறுகாய். "எந்த ஊருய்யா நீ?"

"திருவண்ணாமலைங்க."

"அதானே பாத்தேன்" என்று மூடினார். அதன்பின் அவர் அந்த மேசையைக் கடந்தபோதெல்லாம், டப்பா தம் வலப்பக்கம் இருக்கும்படியே சுற்றிப்போனார்.

இருவரும் தேறினோம், நாற்காலி மூத்தவருக்கு. பொறுப்பேற்ற முதல் நாளே என் டைப்ரைட்டரைத் தம் மேசைக்கு வலப்பக்கம் நகர்த்தச் சொன்னார். "இனிமே நீதான் தம்பி மலை. அன்னிக்கி வேலூர்ல மாதிரியே கம்முனு குந்து." அவ்வளவுதான் சொன்னார். பிறகு வருடக்கணக்கில் எனக்குத் தெரியாத பிரிபொசிஷனை அவரிடம் கேட்டு டைப் அடித்தேன். ஓய்வு பெற்ற அன்று டப்பாவை என் மேசையில், பார்த்துப் பார்த்து, வலது ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இன்று காலையும் மருமகள் அதை இடது பக்கம் வைத்திருந்தாள். இம்முறை நான் டப்பாவைத் தொடவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"இன்னா மாமா இது?" என்றாள்.

கடைசியில் கேட்டுவிட்டாள்.