ஒரு குன்றிமணி குறைந்தது

அடுத்த வாரம் எங்கள் பாறசாலை மிஷன் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. ஏழு வயது மகள் எஸ்தருக்குக் கழித்தல் கணக்கு பிடிபடவில்லை. பாயில் இருபது குன்றிமணிகளைப் பரப்பி, ஐந்தை நான் எடுத்துக்கொண்டு மீதியை எண்ணச் சொன்னேன்.

"பதினாலு உண்டு அம்மா."

"சரியா எண்ணு மக்கா."

மூன்று முறை எண்ணியும் பதினாலு என்றாள். பொறுமையிழந்து அறைந்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே, "பதினாலுதான் உண்டு. நீயே எண்ணிப் பாரு" என்றாள். எண்ணினேன். பதினாலுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் இரண்டு வயது இளைய மகள் வாயில் அடக்கி வைத்திருந்த எதையோ விழுங்கினாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினேன். "கடிச்சிருந்தா விஷமாக்கும். முழுசா போயிருந்தா பயமில்ல. ரெண்டு நாளு நோக்கணும்" என்றார். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஜெபம்தான். மூன்றாம் நாள் காலை குன்றிமணி உடையாமல் வெளியே வந்தது.

எஸ்தரை மடியில் இருத்தி, "நீ சொன்னதுதான் சரி மக்கா" என்றேன்.

இப்போது ஈர்க்குக் குச்சிகளை வைத்துத்தான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் விடை தவறென்று தோன்றினால், முதலில் நானே எண்ணிப் பார்க்கிறேன்.