டெமோ அமிர்தராஜ்

அந்தப் பேரை அவனுக்கு வைத்த நாய் நான்தான். அந்தப் பழியை இன்னொருத்தன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

தொண்ணூற்றாறில் எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்தில் வீடியோ கேம் கடை போட்டேன். காசு போட்டால் ஆடலாம். போடாத நேரத்தில் பெட்டி தானாகவே ஓர் ஆட்டத்தை ஓட்டிக் காட்டும். அதற்கு டெமோ என்று பேர். பருத்தி மூட்டை லோடு ஏற்றும் அமிர்தராஜ், டெமோ ஓடும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பொத்தானைத் தட்டி, உடம்பை வளைத்து, தானே ஆடுவதுபோல நிற்பான். "நாந்தாம்லே ஆடுறேன், பாரு!" என்பான். இருபத்தாறு வயசு ஆம்பளை!

"ஏலே டெமோ!" என்றேன் ஒருநாள். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான்.

ஒரே மாசத்தில் ஊரெல்லாம் அந்தச் சொல்தான். இரவல் நகை போட்டு வந்தவள் டெமோ. ஓட்டுக் கேட்டு வந்தவர் கும்பிட்டது டெமோ. கண்டக்டர்கள் அதைப் பாலவனத்தம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அமிர்தராஜ் காய்ச்சல் என்றாலும் டெமோ, பெண் பார்க்கப் போகிறேன் என்றாலும் டெமோ. அவன் சொன்ன எதையும் யாரும் நம்புவதில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், கடைக்குப் பின்னால் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கிய அமிர்தராஜ் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தான்.

"ஏலே, பாம்பு கொத்திருச்சுலே! பஸ்ஸ நிப்பாட்டுங்கலே!"

அருப்புக்கோட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"டெமோ போடுறாண்ணே, நீங்க போங்க!" என்று கத்தியதும் நான்தான். பஸ் போய்விட்டது.

பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். பாவிகள், அதையும் ரசித்தோம். கண்ணிமை தொங்கி நாக்கு குழறிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சில்லை.

"பட்டப்பேரு போடாட்டி ஆளு தெரியாதுப்பா" என்று சொல்லி, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் 'டெமோ என்கிற அமிர்தராஜ்' என்றே அச்சடித்துக் கொடுத்தார் பிரஸ்காரர். அடக்கம் முடிந்த மறுநாள், சுவரில் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அவன் அம்மா ராஜாத்தி என்னைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, எல்லாரும் அவன இப்படித்தான கூப்புடுவாக. இதுக்கு என்னய்யா அர்த்தம்?"

"கெட்டிக்காரன்னு அர்த்தம் பெரியம்மா."

அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல?

"அப்படியாய்யா? அப்ப கல்லறையிலயும் அந்தப் பேர வெட்டச் சொல்லுய்யா. ஏசப்பா, எம்பிள்ளைய ஊரே மெச்சிருக்கு!"

சொன்னேன். வெட்டினார்கள். கடையை அந்த மாசமே மூடிவிட்டேன். கல்லறைப் பக்கம் இன்றுவரை நான் போனதில்லை.