ஆரையும் கிறிஸ்துமஸ் பெரணியும்

நான் குடியிருக்கும் கனெக்டிகட் ஊரில் காட்டுச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. எதிர்வீட்டுக்காரர் பெயர் ஏழு வருடமாகியும் எனக்குத் தெரியாது. ஆனால் ஓக் மரத்தடியில் நிற்கும் பெரணிச் செடியின் பெயர் தெரியும். கிறிஸ்துமஸ் ஃபெர்ன். திட்டு வாங்கித் தெரிந்துகொண்ட பெயர்.

இங்கே சனிக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் கூடிக் காட்டில் வேண்டாத செடிகளைப் பிடுங்குவார்கள். போன ஜூனில் நானும் போனேன். களையெடுப்பு எனக்குப் புதிதா என்ன? நீடாமங்கலம் பக்கத்து வயல்களில் அம்மாவோடு குனிந்து வளர்ந்தவள் நான். அங்கே நெல் தவிர எல்லாம் களை. எதைப் பிடுங்க வேண்டும் என்று இங்கே காட்டத்தான் செய்தார்கள். குனிந்ததும் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. நடுவில் நின்ற பெரணியையும் வேரோடு எடுத்துவிட்டேன்.

வேலையை நடத்தும் மார்த்தா, ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓடிவந்தாள். "ஐயோ, அது நேட்டிவ். இந்த மண்ணுக்கே உரியது." மற்ற செடிகள் வாடிப் பனி மூடிய பிறகும் கிறிஸ்துமஸுக்குப் பச்சையாக நிற்குமாம், அதனால் அந்தப் பெயராம். சிற்றிலை ஒவ்வொன்றும் பரிசு போடத் தொங்கவிடும் காலுறை போல இருக்கும் என்று விரலால் தூக்கிக் காட்டினாள்.

"கிறிஸ்துமஸ் இங்கே வருவதற்கு முன்னால் இருந்த ஜனங்கள் இதை என்னவென்று கூப்பிட்டார்கள்?" என்று கேட்டேன்.

"அவர்கள் மருந்துக்குப் பயன்படுத்தினார்கள்" என்றாள் கனிவாக.

நான் கேட்டது பெயரை. அது அவளுக்கு உறைக்கவே இல்லை. பெரணியைத் திரும்ப நடச் சொன்னாள். நாற்று நடுவது போல மூன்று விரலால் அழுத்தி நட்டேன்.

அடுத்து குளத்துக்குப் போனோம். அங்கே ஒன்றைக் காட்டி, "அன்னியச் செடி, பரவிவிடும், ஒரு துண்டு விடாமல் எடுங்கள்" என்றாள். பார்த்தால், காம்பு நுனியில் நாலு இலை. எங்கள் ஆரைக்கீரை. அதுவும் பெரணி இனம்தான், பூக்காது, காய்க்காது. கிறிஸ்துமஸ் பெரணிக்குப் பலகை, என் ஆரைக்குக் குப்பைப் பை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பிடுங்கினேன், மூன்று பை நிறைய. ஒரு பிடியை மட்டும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன்.

அம்மாவும் அப்படித்தான், களையெடுக்கும்போது ஆரையை மட்டும் ஒதுக்கி மடியில் கட்டிக்கொள்வாள், ராத்திரிக் குழம்புக்கு. மிராசுதாரரின் காரியக்காரர் வரப்பில் நின்று, "மடிய உதறிட்டுப் போங்கடி. வயல்ல மொளச்சது எல்லாம் ஐயாவோடதுதான்" என்பார். பெண்கள் உதறுவார்கள். கீரை வரப்பிலேயே கிடந்து காயும். தானும் தின்னாமல் எங்களையும் தின்னவிடாத அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

காட்டின் வாசலில் மார்த்தா எல்லோரையும் நிறுத்தினாள். "சின்னத் துண்டு ஒட்டியிருந்தாலும் வேறு குளத்துக்குப் போய்விடும். சட்டைப்பையை எல்லாம் ஒருமுறை உதறிவிடுங்கள், ப்ளீஸ்." காரியக்காரர் அதட்டிச் சொன்னதை இவள் சிரித்தபடி சொன்னாள். அவள் சொன்ன காரணம் நியாயமானது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. உதறினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஊரில் இருக்கும் அம்மாவை ஃபோனில் கூப்பிட்டேன். இப்போது அவள் நாலு மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறாள்.

"வயல்ல ஆரை இருக்காம்மா?"

"களைக்கொல்லி அடிச்சாச்சு. அது எங்கேருந்து வரும்?"

"ஆசையா ஆக்குவியே."

"அப்ப அவங்க வயலு, கீரையாத் தெரிஞ்சுது. இப்ப நம்ம நெல்லும்மா. விட்டா மூடிப்புடும்."

அவளைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? மூன்று பை பிடுங்கியவள் நான்தானே.

டிசம்பரில் காட்டுக்குப் போனேன். நான் நட்ட பெரணி பனிக்கு மேல் பச்சையாக நின்றது. பிழைத்துக்கொண்டதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. 'இந்த மண்ணுக்கே உரியது' என்றது பக்கத்துப் பலகை. செடிமேல் கிடந்த பனியைத் தட்டிவிட்டேன். வாசலுக்கு வந்ததும், அங்கே யாரும் இல்லாதபோதும், என் கை தானாகச் சட்டைப்பையை வெளியே இழுத்து உதறியது.