மூட்டையின் முதல் அடி

கட்டை விரலை மேலங்கியின் விளிம்பில் இழுத்துத் துடைத்துவிட்டுத்தான் நிதானம் வீடியோ விளையாட்டின் பொத்தானை அமுக்குவார். விரலில் எதுவும் ஒட்டியிருக்காது. நாளெல்லாம் பீங்கான் தூளில் புழங்கும் கை என்பதால் வந்த பழக்கம். திரையில் அவருடைய ஜந்து கண் சொருகிக் காத்திருக்கும். சோபாவின் மறுமுனையில் நாத்தனார் காலை ஆட்டிக்கொண்டு காத்திருப்பார். நிதானம் விரலைத் துடைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதன் பிறகும் ஒரு தரம் யோசிப்பார்.

"அண்ணி, அமுக்குங்களேன்! எனக்கு நரையே விழுந்துடும் போலிருக்கு."

"இரு, வரேன்" என்பார் நிதானம். உட்கார்ந்த இடத்தில்தான் இருப்பார். எங்கிருந்து வருகிறார் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

நிதானம் என்பது வீட்டில் வைத்த பெயர். அது நிலைத்துப்போய், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்க்கிறார். காப்பியை ஆறவைத்துக் குடிப்பார். ஆறிவிட்டதே என்று கணவர் சுடவைத்துக் கொடுத்தால் அதையும் ஆறவைப்பார். சிரிப்புகூட அவருக்குத் தாமதமாகத்தான் வரும். எல்லோரும் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது இவர் தொடங்குவார். தொடங்கினால் லேசில் நிற்காது. அதைப் பார்த்து மற்றவர்கள் மறுபடி சிரிக்க வேண்டியிருக்கும்.

தொழில், பல் செய்வது. மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். வீட்டு நடையில் போட்ட மேஜையில், கையடக்கமான ஒரு சூளையை வைத்துக்கொண்டு, இவர் அதற்குப் பொருந்துகிற பல்லைப் பீங்கானில் செய்து கொடுப்பார். பல் வெள்ளை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிதானத்திடம் சொல்லிப் பாருங்கள். "ஈறுகிட்ட கொஞ்சம் தேன் நெறம், நுனியில கண்ணாடி மாதிரி ஒரு இது. வெறும் வெள்ளையா இருந்தா அது பல்லா? காப்பிக் கோப்பை!" அந்த நிறம் சரியா என்று பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். நடையிலோ ஜன்னல் கிடையாது. ஆகவே ஒவ்வொரு பல்லையும் இடுக்கியில் பிடித்தபடி மொட்டை மாடிக்கு ஏறி, வானத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். பார்க்கும்போது அவர் வாயும் தானாக இளித்துக்கொள்ளும். தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரர் பதிலுக்குச் சிரித்துச் சிரித்து, இப்போது இரண்டு குடும்பமும் நல்ல பழக்கம்.

மழை பெய்தால் மட்டும் தொல்லை. அப்படி ஒரு நாளில் ட்யூப்லைட்டை நம்பிச் செய்த முன்பல் ஒன்று, போட்டுக்கொண்டவரின் வாயில் நீலம் பூத்து, போன வேகத்தில் திரும்பி வந்தது. அன்றைக்கு நிதானம் சாப்பிடவில்லை.

நாத்தனார் இதற்கு நேர்மாறு. கணவரின் தங்கை, கூடவே இருக்கிறார், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். வண்டியை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு வந்தாலும் சைரனை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். சாப்பாட்டு மேஜையில் ஏதாவது பேச்சு வந்து, நிதானம் "எனக்கு என்ன தோணுதுன்னா" என்று ஆரம்பிப்பதற்குள் நாத்தனார் முடிவெடுத்து, அதைக் கணவர் ஒப்புக்கொண்டு, தட்டுகள் கழுவப் போயிருக்கும். என்ன தோன்றியது என்று பிறகு யாரும் கேட்பதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, மறந்துவிடுவார்கள்.

அந்த ஜந்துச் சண்டை விளையாட்டு நிதானத்துக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். அதில் விரலின் வேகம் செல்லாது. ஆளுக்கு மூன்று ஜந்துகள், ஒரு சமயத்தில் ஒன்றோடு ஒன்று மோதும். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் தங்கள் அடியைத் தேர்ந்து அமுக்கும்வரை இயந்திரம் சும்மா இருக்கும். அமுக்கிய பிறகு, எந்த ஜந்துவுக்கு வேகம் அதிகமோ அதை முதலில் அடிக்க விடும். முதல் அடியிலேயே எதிரி சாய்ந்துவிட்டால் அதற்கு முறையே கிடையாது. இரண்டுக்கும் வேகம் சமம் என்றால் இயந்திரமே பூவா தலையா போட்டுக்கொள்ளும். "நான்தானே மொதல்ல அமுக்கினேன்!" என்று நாத்தனார் வெகுநாள் திரையோடு சண்டை போட்டார்.

பிறகு அவரும் கற்றுக்கொண்டு, பறப்பதும் பாய்வதுமான ஜந்துகளாகச் சேர்த்தார். முந்திக்குத்து என்று ஒரு சில்லறை அடி உண்டு. வலு இல்லை, ஆனால் வேகம் எதுவானாலும் வரிசையை மீறி முதலில் விழும். அது நாத்தனாருக்கு உயிர்.

நிதானம் சேர்த்த ஜந்து மூட்டை. பாசி படிந்த சாக்கு மூட்டைக்கு நாலு குட்டைக் கால் முளைத்தால் எப்படியோ அப்படி. அடித்தால் இடி. ஆனால் அடிக்க அதன் முறை வர வேண்டுமே! அதற்குத்தான் தலைகீழ் அறை. குடைக்காரன் என்ற ஜந்துவுக்கு மட்டும் தெரிந்த வித்தை. அது குடையைச் சுழற்றினால் திரையில் தரையும் கூரையும் இடம் மாறும். அப்புறம் சில சுற்றுகளுக்கு மெதுவானதுதான் முதலில், வேகமானது கடைசியில். முதன்முதலில் அந்த அறைக்குள் நாத்தனாரின் பருந்து சிறகை அடித்துக்கொண்டு நிற்க, மூட்டை நிதானமாக எழுந்து போய் ஒரு அறை விட்டபோது, நிதானம் சிரித்த சிரிப்பில் கணவர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் புது வீடு அமைந்தது. பார்க்கப் போன அன்று, சாவிக்காரர் கதவைத் திறந்ததும் நாத்தனார் உள்ளே பாய்ந்தார். நிதானம் இன்னும் படியில். "இந்த ரூம் எனக்கு! ட்ரெட்மில் போட அளவெடுத்த மாதிரி இருக்கு" என்று குரல் கேட்டது. நிதானம் போய்ச் சேர்ந்தபோது ட்ரெட்மில் வரவேண்டிய இடத்தில் அடையாளத்துக்கு நாத்தனாரின் செருப்பு கிடந்தது. அந்த அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல். நிதானம் கைப்பையிலிருந்து ஒரு பல்லை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஈறு ஓரத்துத் தேன் நிறம் அப்படியே தெரிந்தது. பல்லை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு என்ன தோணுதுன்னா..."

"அண்ணி, நான் மொதல்ல சொல்லிட்டேன்!"

கணவர் கூரையைப் பார்த்தார். சாவிக்காரர் சாவியைப் பார்த்தார். நிதானம் பல்லைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்து, பையை மூடி, பிறகு சொன்னார்: "விளையாடிப் பாத்துடலாம். ஜெயிக்கிறவங்களுக்கு ஜன்னல்."

ஞாயிற்றுக்கிழமை பகலில், கட்டி முடித்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஆட்டம். கணவர் ஒரு தட்டு நிறைய ரொட்டியோடு வந்து நின்றுகொண்டார். அவர் பேக்கரிக்காரர். எந்த ஜீவனைக் கண்டாலும் எதையாவது ஊட்டாமல் அவருக்குக் கை அடங்காது.

ஆரம்பம் நிதானத்துக்கு நன்றாகவே அமைந்தது. குடைக்காரன் அடி வாங்கிக்கொண்டே அறையைத் தலைகீழாக்கிவிட்டு விழுந்தான். பின்னால் வந்த மூட்டை, பருந்தை ஒரே அடியில் சுருட்டியது. அடுத்து வந்த நரியையும் அப்படியே. நாத்தனாரின் முகத்தில் கலவரம் இல்லை, சிரிப்பு இருந்தது.

"இப்ப பாருங்க அண்ணி" என்று கடைசி ஜந்துவை இறக்கினார். அது ஒரு கல் ஆமை. "எங்கூட ஆம்புலன்ஸ் ஓட்டுற ஒரு அண்ணன் குடுத்தாரு. இதுக்கு மேல மெதுவா ஒண்ணு பொறக்கவே இல்லையாம்!"

நிதானத்துக்குச் சிரிப்பு வந்தது. மூட்டை அந்த ஆமையைவிட ஒரு நூல் மெதுவு என்பது அவருக்கு மனப்பாடம். தலைகீழ் அறையின் கடைசிச் சுற்று அது. விரலைத் துடைத்தார், அமுக்கினார்.

ஆமை முதலில் அடித்தது.

மூட்டையின் உயிர்க்கோடு சரசரவென்று இறங்கி, மயிரிழையில் நின்றது. பிறகுதான் மூட்டை திருப்பி அடித்தது. ஆமைக்குப் பாதி உயிர் மிச்சம். திரையில் தரை தரையாகவும் கூரை கூரையாகவும் திரும்பின. அறை தீர்ந்துவிட்டது.

"இல்லையே" என்றார் நிதானம். "மூட்டைதானே மெதுவு?"

பின்னால் ரொட்டித் தட்டு லேசாக ஆடியது. நிதானம் திரும்பிப் பார்த்தார்.

"பாவமா இருந்துச்சும்மா" என்றார் கணவர். "நேத்து நீ மாடியில இருந்தப்ப திரையில பாத்தேன். கண்ணெல்லாம் சொருகிப்போய் படுத்திருந்துச்சு. ஆட்டத்துப் பையில ஏதோ சுறுசுறுப்புக் காய்னு கெடந்தது. ஒண்ணு குடுத்தேன். வாலை ஆட்டுச்சு. அப்புறம்... எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

"அண்ணா!" என்று நாத்தனார் சோபாவிலேயே துள்ளினார். "என் செல்ல அண்ணா!" துள்ளின துள்ளலில் பெரிய அடியை அமுக்கியும் விட்டார். "முடிஞ்சது அண்ணி. நான் அமுக்கியாச்சு. அறையும் போச்சு, மூட்டையும் போச்சு!"

நிதானத்துக்குக் கண் கலங்கியது. கணவரைத் திட்டவும் வாய் வரவில்லை. அவர் ரொட்டித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற கோலம் அப்படி. அறை போனால் மூட்டை கடைசிதான், எத்தனையோ ஆட்டங்களில் கண்டது. மூட்டையை ஒதுக்கிவிட்டு மூன்றாவதை இறக்கலாம் என்று விரல் தானாகப் போயிற்று. அது சும்மா எண்ணிக்கைக்கு வைத்திருந்த ஒரு புழு. போனவுடன் செத்துப்போகும். போகட்டும், மூட்டை விழுவது ஒரு சுற்றாவது தள்ளிப்போகும்.

"அமுக்குங்க அண்ணி!"

"இரு, வரேன்."

விரலை எடுத்து மேலங்கியில் துடைத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். ஆமை முதலில் அடித்தது. எப்போது அடித்தது? தலைகீழ் அறையில். அங்கே முந்துவது மெதுவானது. அப்படியென்றால் ஆமைதான் மெதுவு. காய் தின்ற மூட்டை அதைவிட வேகம். இப்போதோ அறை நேராகிவிட்டது. நேரான அறையில் முந்துவது...

நிதானம் கணவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். புழுவை விட்டுவிட்டு, மூட்டையின் இடியை அமுக்கினார்.

மூட்டை எழுந்தது. எந்த வித்தையும் இல்லாத, சாதாரண, எல்லோருக்கும் பொதுவான வரிசையில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அது முதலில் போனது. குட்டைக் கால்களால் குடுகுடுவென்று ஓடி ஆமையின் மேல் விழுந்தது. ஆமை கவிழ்ந்து, காலை ஒரு தரம் ஆட்டிவிட்டு அடங்கியது. அதன் பெரிய அடிக்கு முறையே வரவில்லை.

நாத்தனார் தம் கட்டை விரலையே முறைத்துப் பார்த்தார்.

"ஆமைகிட்டயும் முந்திக்குத்து இருந்துச்சே" என்றார் மெல்ல. "மயிரிழை உயிருக்கு அது போதுமே. கொஞ்சம் யோசிச்சிருந்தா... ஐயோ, நான் ஏன் அதுக்குள்ள அமுக்கினேன்!"

"அப்ப நான் செஞ்சது தப்பா, சரியா?" என்றார் கணவர்.

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவரும் சேர்ந்துகொண்டார், ரொட்டி தரையில் உருண்டது. இருவரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்து, ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டபோது நிதானத்துக்குத் தொடங்கியது. அட்டைப்பெட்டி மேல் சாய்ந்துகொண்டு, மூச்சு வாங்க, "வாலை ஆட்டுச்சாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது புது வீட்டில் ஜன்னலை ஒட்டிப் பல் மேஜை இருக்கிறது. ட்ரெட்மில் வெளிச்சமில்லாத நடையில், சுவரைப் பார்த்தபடி கிடக்கிறது. குடிவந்த மறுநாள் காலை நாத்தனார் அந்த அறை வாசலில் வந்து நின்றார். வாயைத் திறந்தார், பிறகு தம் கையாலேயே அதைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க அண்ணி" என்றார். சொல்லிவிட்டு, காலை ஆட்டாமல் காத்திருந்தார்.

நிதானம் இடுக்கியில் இருந்த பல்லை வெளிச்சத்தில் பார்த்து முடித்தார். நடையில் கிடந்த ட்ரெட்மில்லை எட்டிப் பார்த்தார். கட்டை விரலை மேலங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, ஜன்னலின் ஒரு பாதியைக் காலியாக விட்டு, மெதுவாக மறுபாதிக்கு இழுத்தார்.