அழுகைக்கும் பாட்டு வகுப்பில் இடம் கொடுத்தவர்

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கீரை விற்கும் அம்மாள்தான் சொன்னாள்: "ஒங்க பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரம்மா விடியக்காலையில செத்துட்டாங்களாம். நெஞ்சு வலியாம்." கையிலிருந்ததைக் கூடையிலேயே போட்டுவிட்டு நடந்தேன். வீடு வந்து சேரும்வரை அழவில்லை. தெருவில் அழுதுகொண்டு போகக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்தப் பாட்டு டீச்சர், என் நாகரத்தினம் அக்கா, கூட வந்திருந்தால், "ஏன், தெரு என்ன ஒன் மாமியார் வீடா?" என்று கேட்டிருப்பார்.

அவரிடம் படித்தவர்களுக்கும், பிள்ளைகளை அவரிடம் அனுப்பி வைத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் பேசிய பெரியவர்கள் அவரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொறுமைக்கும் அக்காவுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. மணி அடித்த பிறகுதான் வருவார். வந்ததும் ஈரக் குடையை என் மேசைமேல் வைப்பார். என் கணக்குப் புத்தகம் நனையும். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "கணக்கம்மாவுக்கு இன்னிக்கு மேகமூட்டம்" என்று பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சொல்வார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ரயில்வே குமாஸ்தா ஒருவருக்கு மனைவியாக இங்கே வந்தவர். கணவர் சீக்கிரமே காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. சொத்து என்று சொல்ல ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் எங்கள் தமிழ்ப் பள்ளியில் பாட்டு சொல்லிக் கொடுக்க வந்தார்.

அவருடைய வகுப்பு எப்படித் தொடங்கும் என்று படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் பெட்டியருகே வரவேண்டும். அக்கா துருத்தியை அசைப்பார். பிள்ளை ஏதாவது ஒரு கட்டையை அழுத்த வேண்டும். "இது என்ன?" என்று கேட்பார். "பசி" என்பான் ஒருவன். "தம்பி பொறந்திருக்கான்" என்பாள் ஒருத்தி. "அப்பா அடிச்சாரு" என்று வரும். சொல்லத் தெரியாத பிள்ளை சும்மா அழுத்திவிட்டுப் போகலாம். கீழ்க்கட்டை என்றால் துக்கம், மேல்கட்டை என்றால் மகிழ்ச்சி என்று அவர் எதையும் விதித்து வைக்கவில்லை. "நாமளே பேரு வச்சிட்டா அப்புறம் எதுக்குக் கேக்கணும்?" என்பார். பிறகு ஒரே பாட்டை வேறு வேறு மனதோடு பாட வைப்பார். நிலாவைப் பற்றிய பாட்டைக் கோபமாகப் பாட வேண்டும். மழைப் பாட்டைப் பயந்துகொண்டே பாட வேண்டும். பக்கத்து அறையில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஒருமுறை பள்ளியைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் துரை வந்திருந்தார். பாட்டு வகுப்பில் ஒரு பையன் எழுந்து போய் இரண்டு முழங்கைகளையும் கட்டைகள்மேல் வைத்து அழுத்தினான். பெட்டி அலறியது. அக்கா வழக்கம்போல, "இது என்ன?" என்றார். "தொர வந்திருக்காருல்ல, எல்லாருக்கும் பயம் டீச்சர்" என்றான் பையன். தலைமையாசிரியருக்கு முகத்தில் ஈயாடவில்லை. என்ன சொன்னான் என்று கேட்டு அறிந்துகொண்ட துரை சிரித்தார். தன் பங்குக்கு ஒரு கட்டையை அழுத்தினார். அது என்ன என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

பள்ளிச் செயலாளருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "பள்ளிக்கூடத்துல நல்ல சந்தோசமான பாட்டா சொல்லிக் குடுங்கம்மா, போதும்" என்றார். "அப்ப அழுகைய எங்கங்க வைக்கிறது? செருப்போட வாசல்ல விட்டுட்டு வரச் சொல்லட்டுமா?" என்று அக்கா கேட்டார். செயலாளர் அதற்குப் பிறகு என்னிடம்தான் புகார் சொல்லுவார்.

அஞ்சலை என்ற சின்னப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்திலும் ரயில்வேயிலும் ஆட்களைக் குறைத்து, சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலில் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் சொந்தத்தில் யாராவது கப்பலேறியிருந்தார்கள். அப்போது நம் ஜனங்களிடையே ஒரு பழக்கம் முளைத்தது. வீட்டில் யாராவது இறந்துவிட்டால், சின்னப் பிள்ளைகளிடம் "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிடுவார்கள். அது பொய் என்றே யாருக்கும் உறைக்கவில்லை. நிஜக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்ததால் பிள்ளைகளும் நம்பினார்கள்.

அஞ்சலையின் அப்பா முனியாண்டி, ரயில் கொட்டகையில் நிலக்கரி அள்ளுகிறவர். பிரசவத்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த அஞ்சலையிடம் அம்மா கப்பலேறி ஊருக்குப் போய்விட்டது என்று சொன்னார்கள். ரயில்வே குடியிருப்பே கட்டுப்பாடாக அதைக் காப்பாற்றியது.

மறுவாரம் பள்ளிக்கு வந்தவள் தினமும் உச்சிக் கட்டையைத்தான் அழுத்தினாள். "சந்தோசம்" என்று பல் தெரியச் சிரித்தாள். "பொண்ணு தாங்கிக்கிச்சு" என்றார் அக்கா. அது அவர் தப்பு. பிற்பாடு அதைச் சொல்லிச் சொல்லி நொந்துகொள்வார். ஏனென்றால் வகுப்பில் சிரித்தவள் வெளியே மற்றப் பிள்ளைகளைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். கடிபட்ட இடத்தில் மஞ்சள் வைத்துவிட்டவள் நான். மத்தியானம் அம்மா சோறு கொண்டுவந்து ஊட்டும் பிள்ளைகளை மட்டுமே அவள் கடிக்கிறாள் என்று கவனித்து, அக்காவிடம் சொன்னேன்.

அடுத்த நாள் அக்கா ஒரு துணிப் பொம்மையைக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு முறை மடியில் வைத்துத் தாலாட்ட வேண்டும். எந்த மனதோடும் பாடலாம். அஞ்சலையின் முறை வந்தது. ஒரு வரி ஒழுங்காகப் பாடினாள். பிறகு பொம்மையைத் தரையில் போட்டாள். அதே மெட்டில் தன் சொற்களை வைத்துக் கத்திப் பாடினாள்.

"தூங்கு தூங்கு நான் போறேன், கப்பலேறி நான் போறேன், கெட்ட புள்ள நீ வேணாம், ஒன்ன விட்டு நான் போறேன்."

நான் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றேன். அக்கா துருத்தியை விடவில்லை. "பாடு, இன்னும் பாடு" என்றார். தொண்டை கட்டும்வரை அந்தப் பிள்ளை அதையே பாடியது.

"பாத்தியா கணக்கம்மா," என்றார் அக்கா மத்தியானம். முன்னால் இருந்த சோற்றைத் தொடவில்லை. "அம்மா தன்னை வேணாம்னு உதறிட்டுப் போயிட்டான்னு நெனச்சிக்கிட்டிருக்கு. துக்கத்த மறைக்கிறோம்னு சொல்லி அதவிடப் பெருசா ஒன்னு அது தலையில ஏத்தி வச்சிட்டோம்."

அன்று மாலையே முனியாண்டி வீட்டுக்குப் போனோம். கரி படிந்த கையோடு வாசலில் நின்றவர், விஷயத்தைக் கேட்டதும் கும்பிட்டார். "வேணாங்க டீச்சரம்மா. பச்சப் புள்ள, ஒடஞ்சிரும்." அக்கா விடவில்லை. முனியாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்கு மேல பேசினீங்கன்னா பள்ளிக்கூடத்த விட்டே நிறுத்திப்புடுவேன்" என்றார். நிறுத்திவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கத்திப் பாடவும் ஓர் இடம் இருக்காது. அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா அதற்குமேல் வாக்குவாதம் செய்யவில்லை. அஞ்சலை பாடியதை அதே மெட்டில், மெல்லிய குரலில் பாடிக் காட்டினார். முனியாண்டி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியா பாடிச்சு? எம் புள்ளயா?"

"ஆமா அண்ணே."

"நீங்களே சொல்லிருங்கம்மா. நான் வாயத் தொறந்தா அழுதுருவேன்."

"அழுங்க. நான் சொன்னா அது வெறும் சேதியா போயிரும். நீங்க சொல்லுங்க, நான் பெட்டி வாசிக்கிறேன். நீங்க நிறுத்துற எடத்துல அது பேசிக்கிட்டிருக்கும், புள்ள பயப்படாது."

ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்தை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனோம். அக்கா ஒரே கட்டையை அழுத்திச் சுருதியை மட்டும் ஓட விட்டார். முனியாண்டி மகளை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் நிற்காமல் போனதைச் சொன்னார். நடுவில் நிறுத்திவிட்டார். சுருதி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி பேசினார். அம்மா செத்துப் போச்சு என்ற சொல்லை ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

அஞ்சலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அம்மா கப்பல்ல போகலையா?"

"இல்ல கண்ணு."

"எம்மேல கோவிச்சுக்கிட்டுப் போகலையா?"

"ஐயோ, இல்லடி. கடைசி வரைக்கும் அஞ்சல சாப்டாளான்னுதான் கேட்டுச்சு."

அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதது. அப்பனும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடி அழுதார்கள். நானும் அழுதேன். வெகுநேரம் கழித்து அஞ்சலை தவழ்ந்து வந்து, பெட்டியில் ஒரு கட்டையைத் தேடி அழுத்தி, விரலை எடுக்காமல் வைத்திருந்தாள். அன்று மட்டும் அக்கா "இது என்ன?" என்று கேட்கவில்லை. துருத்தியை மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தார்.

அத்தோடு அஞ்சலை தங்கமாக மாறிவிட்டாள் என்று சொன்னால் அக்கா எழுந்து வந்து என்னை அடிப்பார். அதற்குப் பிறகும் கடித்தாள். ஆனால் கடித்துவிட்டு, "எங்கம்மா இல்லைல டீச்சர், அதான்" என்று அவளே வந்து சொல்லி அழுவாள். "பேரு தெரிஞ்ச வலி பாதி வலிதான், மீதிப் பாதிய நாம கூட ஒக்காந்து தாங்கணும்" என்பார் அக்கா. இப்போது கல்யாணமாகிக் கிள்ளானில் இருக்கும் அஞ்சலை, சேதி கேட்டு முதல் ரயிலில் வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். செயலாளர் வாசலிலேயே காத்திருந்தார். நல்ல மனிதர்தான், கண் சிவந்திருந்தது. "சின்ன வகுப்புப் புள்ளைங்ககிட்ட, டீச்சரம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருங்க டீச்சர். மெதுவா மறந்துரும்" என்றார். அக்காவாக இருந்தால் வாசலிலேயே சண்டை நடந்திருக்கும். எனக்கு அவ்வளவு வாய் கிடையாது. முடியாதுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நானும் தரையில் உட்கார்ந்தேன். "நாகரத்தினம் டீச்சர் செத்துப் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க" என்றேன். வகுப்பறையில் நான் அழுதது அதுதான் முதல் முறை. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நாங்க சத்தம் போட்டதாலயா டீச்சர்?"

செயலாளர் கேட்டபடி நான் சொல்லியிருந்தால், அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, டீச்சர் எப்போது கப்பலில் திரும்பி வருவார் என்று அந்தப் பிள்ளை வருடக்கணக்கில் காத்திருந்திருக்கும். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்லடா. ஒங்க சத்தம்தான் அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவள் அழத் தொடங்கினாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் அழுதார்கள். எனக்குப் பாடத் தெரியாது, பெட்டியும் வாசிக்கத் தெரியாது. அவர்கள் அழுது முடிக்கும்வரை எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருந்தேன். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.