முதல் வரிசை

அந்த மூன்று நாள் விடுமுறையில் நாங்கள் சொந்த ஊரிலேயே சுற்றுலாப் பயணிகள் ஆனோம். எனக்கு எட்டு வயது. தோ பாயோவில் பதினோராம் மாடி வீடு. வாசலில் நின்றால் நகரத்தில் பாதி தெரியும். அப்பா ஒரு தாளில் மூன்று தலைப்புகள் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினார்: சாப்பாடு, பாட்டு, படம்.

"இங்க இருக்கற தேக்கா கடைத்தெருவுக்குப் போறதுக்குப் பேரு டூரா? பஸ் டிரைவரே சிரிப்பாரு," என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு லா. மூணு நாளைக்கு அவ வாயும் காதும் கண்ணும் காலியா இருக்கக் கூடாது."

அவள் என்றால் அத்தை, அப்பாவின் தங்கை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து வந்திருந்தாள். மூன்று மாதங்களுக்கு முன் அவள் கணவர், என் மாமா, கோலாலம்பூரிலிருந்து காரில் திரும்பும் வழியில் விபத்தில் இறந்துபோனார். உடலை அடையாளம் காட்டப் போனது அப்பா. அன்றிலிருந்து அத்தைக்கு ஒரே கேள்விதான். குழம்பு ஊற்றும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள், தொலைக்காட்சியில் விளம்பரம் வரும் இடைவெளியில் கேட்பாள்.

"அண்ணே, கார்ல அவரு தனியாத்தான் வந்தாரா?"

"தனியாத்தாம்மா." கேள்வி முடிவதற்குள்ளேயே அப்பாவின் பதில் வந்துவிடும். அவள் தலையாட்டுவாள். மறுநாள் காலையில் அதே கேள்வி குளித்து, தலை சீவி, புதிதாக வந்து நிற்கும்.

சனிக்கிழமை தேக்காவில் அவளுக்குச் சாப்பாடு மேல் சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம். மீன்தலைக் கறி, கறி அடைத்த முர்தபாக் ரொட்டி, இளநீர். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் வைத்துவிட்டு எங்கள் பக்கம் நகர்த்தினாள். பூக்கடைகளைத் தாண்டும்போது அம்மா ஏதோ அவசரம்போல அவளைக் கைபிடித்துச் சாலையின் எதிர்ப்பக்கம் இழுத்துப்போனாள். வெயில், மசாலா வாசம், நகைக்கடைக் கண்ணாடிகளில் எங்கள் ஐந்தாறு பிரதிகள். அத்தை கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள், கூட்டத்தில் தொலைத்த ஒருவரைத் தேடுவதுபோல.

பாட்டு என்ற தலைப்பின் கீழ் அப்பா எழுதியிருந்தது ஒரு வீணைக் கச்சேரி. அதற்குப் போகவேயில்லை. சட்டை மாற்றிக்கொண்டு போகலாமென்று வீட்டுக்குத் திரும்பினோம்; பொழுது சாயும் நேரம்; எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னாலிருந்த திடலில் மேடை போட்டிருந்தார்கள். சீனர்களின் ஏழாம் மாதம் அது. ஆவிகள் ஊருக்குள் வந்துபோகும் மாதம் என்று அம்மா எங்களை அந்தப் பக்கமே விடமாட்டாள். விடாததால், அங்கே என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாது என்பதும் எனக்குத் தெரியாமல் போயிற்று. தகரத் தொட்டியில் காகிதம் எரிந்து சாம்பல் பறந்தது. மேடையில் ஒரு பெண் ஜிகினா உடையில் பாடினாள். பின் வரிசைகளில் நெருக்கியடித்துக் கூட்டம். முதல் வரிசையில் சிவப்பு நாற்காலிகள் அப்படியே கிடந்தன. இத்தனை நல்ல இடத்தை விட்டுவிட்டார்களே, என்ன முட்டாள்கள் என்று அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தேன்.

ஒரு பாட்டு முழுக்க இருந்தேன். பாடகி கூட்டத்தைப் பார்க்காமல் எங்கள் வரிசையைப் பார்த்தே பாடினாள். ஊதுபத்திப் புகை சூழ்ந்த அந்த இடத்தில் மட்டும் காற்று குளிர்ந்திருந்தது.

"அய்யோ, கேர்ள்! கேன்னாட் சிட் லா!" எங்கள் மாடியில் இருந்த சீன ஆண்ட்டி ஓடிவந்து என்னைக் கொத்தாகத் தூக்கினாள். அந்த வரிசை இறந்தவர்களுக்காம். அவர்கள் பார்ப்பதற்குத்தான் முழுக் கச்சேரியுமாம். ஆண்ட்டி சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் வெளுத்தது. வீட்டுக்குப் போனதும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, என் நெற்றி முழுக்கத் திருநீறு அப்பினாள். அத்தை கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது என்று யாருக்குத் தெரியும்!

ஞாயிறு, படம். ஓவியக் கூடத்தில் குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைத்தது. அப்பா ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார். மூடுபனியில் ஒரு மலை. முக்கால்வாசித் தாள் வெறுமை. "வரையாம விட்டதுதான் இதுல விசேஷமாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். அத்தை நகரவில்லை. என் உயரத்துக்குக் குனிந்தாள்.

"கண்ணு, நேத்து அங்க உட்கார்ந்தியே... உங்க மாமாவைப் பாத்தியா?"

அவள் கண்கள் அப்படிக் கேட்டால் எட்டு வயதில் யாரால் இல்லை என்று சொல்ல முடியும்?

"பாத்தேன் அத்தை. காலை ஆட்டிக்கிட்டே பாட்டுக் கேட்டாரு."

"தனியாவா இருந்தாரு?"

தனியாக என்று சொன்னால் அழுதுவிடுவாள் என்று பட்டது. "இல்ல அத்தை. பக்கத்துல ஒரு அக்கா இருந்தாங்க. பச்சைச் சட்டை. தலையெல்லாம் ஈரம்."

என் தோளிலிருந்து அவள் கை மெல்ல இறங்கியது. நேராக அப்பாவிடம் நடந்தாள். அவ்வளவு அமைதியான கூடத்தில் அவள் குரல் எல்லா மூலைக்கும் போயிற்று.

"அண்ணே. அவ பச்சைச் சட்டையா போட்டிருந்தா?"

யார் என்று அப்பா கேட்டிருக்கலாம். "உனக்கு யாரும்மா சொன்னா?" என்றார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. மத்தியானம் உணவங்காடியில் அத்தை ஒரு தட்டு மீ கோரெங்கை ஒரு இழை மிச்சம் வைக்காமல் தின்றாள். அப்பா தட்டைத் தொடவில்லை.

என் பொய்யால்தான் எல்லாம் இப்படி ஆயிற்று என்று எனக்குத் தோன்றியது. திங்கள் காலை, ஜொகூர் பஸ் வரும் நிறுத்தத்தில், அப்பா பெட்டியோடு பக்கத்தில் நிற்க, அத்தையின் கையைப் பிடித்து இழுத்து, காதில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மாமா வரல அத்தை. மாமாவைப் பாத்தேன்னு நான் சும்மா சொன்னேன். அந்த அக்கா மட்டும்தான் உட்கார்ந்திருந்தாங்க."

அத்தை கைப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள். 

"ஒத்தையாவா?"

"ம்."

"பாவம். அங்கயும் அவளுக்குத் துணை இல்ல போல," என்றாள். அன்று காலையிலும் அம்மா என் நெற்றியில் அப்பியிருந்த திருநீற்றை முந்தானையால் துடைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான் எனக்கு உறைத்தது. பொய் சொன்னதை மன்னித்துவிட்டாள் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் குதித்துக் குதித்து வந்தேன். அந்தக் கை ஏன் அப்படிச் சில்லிட்டிருக்கிறது என்று ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.