விளையாட்டில் அவனுக்கு ஒரு வயது

அந்தத் திங்கட்கிழமை காலை, பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆட்கள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போன பிறகு, வழக்கமாக நேரே ஆபீசுக்குப் போகிற என் கணவர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், "அஞ்சலை போயிட்டா" என்றார்.

"எந்தத் தோட்டத்துக்கு?" என்று கேட்டேன்.

நம் தோட்டங்களில் 'போயிட்டா' என்றால் அப்படித்தானே நினைக்கத் தோன்றுகிறது? சனிக்கிழமை வரை இருப்பார்கள். திங்கட்கிழமை பெரட்டில் ஆள் இருக்காது. சுங்கை ரம்பாய்ப் பக்கம் யாராவது கூப்பிட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் ஊருக்கே திரும்ப நாகப்பட்டினக் கப்பல் ஏறியிருப்பார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. என் கணவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சனிக்கிழமை மத்தியானம் வரை பிள்ளைகளோடு இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை குளிர்காய்ச்சல். திங்கட்கிழமை விடிவதற்குள் இல்லை.

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். முன்பே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. இன்னும் எனக்கு நம்ப முடியவில்லை.

நியாலாஸ் பக்கத்து எங்கள் தோட்டத்தில், தாய்மார் வெட்டுக்குப் போனபின் ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். முப்பது வயதைத் தாண்டியிராது. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். ஆனாலும் ஆபீசில் கணக்குப் பார்க்கும் கிராணியின் வீட்டம்மா என்ற எண்ணத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அக்கா என்று இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

என் மகன் பாலனுக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு சொல் பேசியதில்லை. பாயில் வைத்தால் வைத்த இடத்தில் இருப்பான். மதராசில் காலேஜில் படித்தவள் நான். குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றை அங்கிருந்தே கொண்டுவந்து, மணி பார்த்துப் பால் கொடுத்தேன், மண்ணில் விடாமல் வளர்த்தேன். பிள்ளை ஊமையோ என்ற பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில், நாலு பிள்ளைகளோடு இருந்தால் பேசுவான் என்று என் கணவர் சொன்னதால் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். சமர்த்தாக உட்கார்ந்திருப்பான், தொந்தரவு இருக்காது என்று அஞ்சலையக்காவிடம் சொன்னேன்.

"அதுக்குப் பெருமப்படாதீங்க கிராணியம்மா. ஓடுற புள்ளய நான் பாத்துக்குவேன். ஒக்காந்தே இருக்குற புள்ளயத்தான் நாம கவனிக்கணும்" என்றார்.

அவர் கொட்டகையில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விளையாட்டு கிடையாது. தவழ்கிறவர்களுக்குத் தகர மூடியும் அகப்பையும். அடி எடுத்து வைக்கிறவர்களுக்குக் கயிறு கட்டிய காலிப் பால் டின், இழுத்துக்கொண்டு நடக்க. இரண்டு வயது தாண்டிய பிள்ளைகள் பெரட்டு விளையாடுவார்கள்: ஒருத்தன் கங்காணியாகிக் கத்துவான், மற்றவர்கள் கையைத் தூக்கிவிட்டு மரம் வெட்டப் போவார்கள். எதையும் அவர் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில்லை. பொருளைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். காரணம் கேட்டேன்.

"காட்டிக் குடுத்தா அது வேல. சும்மா வச்சாத்தான் வெளையாட்டு."

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை போனபோது, பாலன் கைக்குழந்தைகளுக்கு நடுவே பால் டின் கயிறோடு உட்கார்ந்திருந்தான். அவனைவிடச் சின்னவர்கள் பெரட்டில் நின்றார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. என் பிள்ளை மட்டமா என்று கேட்டுவிட்டேன். அக்கா சிரித்தார்.

"வயசு ரெண்டரதான். வெளையாட்டுல அவனுக்கு ஒரு வயசுதான் ஆவுது. நீங்க மட்டும் ஒண்ணாங் கிளாசுல ஒக்காராமலா காலேஜுக்குப் போனீங்க?"

அங்கே இருந்த பெண்களும் சிரித்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளியும் சனியும் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் இருந்தபோது கூடத்தில் ஏதோ உரசும் சத்தம். என் கணவரின் குடையை வளைந்த பிடியில் பற்றி இழுத்துக்கொண்டு பாலன் நடந்துகொண்டிருந்தான். வாசல்வரை போனான், திரும்பினான். என்னைப் பார்த்து, "லோரி" என்றான். பிறகு இன்னொரு தரம், "லோரி."

பால் ஏற்ற வரும் லாரியாம் அந்தக் குடை. நான் கரண்டியைப் போட்டுவிட்டு அழுதேன். அப்போதே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். நேரில் போய்த் தோற்றேன் என்று சொல்ல வெட்கம். திங்கட்கிழமை பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது, போகிறபோக்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அவர் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கிராணி வீட்டுக்கு யார் வந்து சொல்வார்கள்?

அவரை அறிந்த தாய்மாரே, உங்கள் பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னது உங்களிடம் இருக்கும். இப்போது வந்திருக்கும் ஆயா நல்லவர்தான். பிள்ளைகள் விழுந்துவிடுவார்களோ என்று பயந்து எல்லோரையும் ஏணையில் போட்டு ஆட்டுகிறார். அதனால் காலையில் இரண்டு மணி நேரம் நான் போய்த் தரையில் உட்காருகிறேன். லயத்துப் பெண்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

பாலனுக்கு இன்று விளையாட்டில் எத்தனை வயது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். நான் ஏதாவது ஒன்றை அவன் பக்கத்தில் வைக்கிறேன். எப்படி என்று காட்டக் கை பரபரக்கிறது. கையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, காத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தக் காத்திருப்புதான். அதுவும் இன்னும் சரியாக வரவில்லை.